மூன்றாம் தலைமுறை ஜாவலீனா

மனித குலம் நான்கு கால்களை விட்டு இரண்டு கால்களுக்கு மாறிய நாளுக்குப் பிறகு உலகில் நடந்த மிகப் பெரிய முன்னேற்றம், மெர்வின் ஹக்கபி தன் இரண்டாம் தலைமுறை ஜாவலீனாவைக் கொடுத்துவிட்டு மூன்றாம் தலைமுறை ஜாவலீனாவை வாங்கியதுதான். இடையில் சக்கரம், அச்சு இயந்திரம், பென்சிலின் என்று சில சில்லறை விஷயங்களும் நடந்தன. அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவற்றில் எதிலும் இருக்கைக்கு அடியிலிருந்து குளிர்காற்று வராது.

ஜாவலீனா என்பது பிக்கப் டிரக். சாலையே இல்லாத இடத்தில் ஓடுவதற்கென்று பிறந்தது. அரிசோனாப் பாலைவனத்தில் திரியும் காட்டுப்பன்றியின் பெயரை யோசித்துத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். இரண்டும் கிடைத்ததையெல்லாம் குடிக்கும்.

மெர்வினுக்கு ஐம்பத்து நான்கு வயது. பீனிக்ஸை ஒட்டிய கில்பர்ட்டில் வீடு. பல் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் 'கோரிக்கை மறுபரிசீலனை'ப் பிரிவின் துணைத் தலைவர். முதல் முறை பணிவாக மறுக்கப்பட்டதை இரண்டாம் முறை இன்னும் பணிவாக மறுப்பது அந்தப் பிரிவின் பணி. வீட்டிலிருந்து அலுவலகம் ஏழு மைல், எட்டு சிக்னல். அந்த ஏழு மைலை அவர் ஒன்பது ஆண்டுகளாகப் பாறை ஏறக்கூடிய, மூன்றடித் தண்ணீரில் இறங்கக்கூடிய வண்டியில் கடந்து வந்தார். அந்த ஒன்பது ஆண்டுகளில் ஒரு பாறைகூட அவரை வழிமறிக்கத் துணியவில்லை.

நேர்மையாகச் சொல்ல வேண்டும். பழைய ஜாவலீனாவுக்கு ஒரு களங்கம் இருந்தது. அது வேலை செய்தது.

சனிக்கிழமை தோறும் மெர்வின் எழுபத்தைந்து மைல் ஓட்டிக்கொண்டு விக்கன்பர்க் பக்கம் போவார். அங்கே நெடுஞ்சாலை ஓரத்தில் காசு போட்டால் தண்ணீர் கொட்டும் குழாய் நிலையம் ஒன்று உண்டு. வண்டியின் பின்தொட்டியில் நூற்றிருபது கேலன் பிளாஸ்டிக் டாங்கியை வைத்து நிரப்பிக்கொண்டு, தார் முடியும் இடத்தில் மண்பாதையில் இறங்கி, நாலு மைல் உள்ளே போவார். பாதையின் முடிவில் அவருடைய அண்ணன் வெர்லின் ஒரு டிரெய்லர் வீட்டில் இரண்டு கழுதைகளோடு இருந்தார். தாமிரச் சுரங்கத்தில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பக்கத்தில் யாருக்கும் கிணறு கிடையாது. எல்லாரும் தண்ணீரைச் சுமந்து வந்துதான் குடிக்கிறார்கள். வெர்லினின் சொந்த டிரக்குக்கு ஒன்பது வருடத்துக்கு முன்பே கியர்பாக்ஸ் போய்விட்டது. தண்ணீர் லாரிக்காரர்கள் அந்தப் பாதையை ஒரு முறை பார்த்தார்கள். மறுமுறை போனை எடுக்கவில்லை.

பாதையின் இரு பக்கமும் மெஸ்கீட் முட்செடிகள். வண்டி போனால் கிளைகள் இரண்டு கதவுகளையும் நீளமாகக் கீறிவிடும். இந்தக் கீறல்களை அந்த ஊரில் 'பாலைவனக் கோடுகள்' என்பார்கள். ராணுவத்துக்குப் பதக்கம் எப்படியோ, ஜாவலீனாக்காரர்களுக்கு இந்தக் கோடுகள் அப்படி.

'ஜாவலீனா உரிமையாளர் பேரவை'யைப் பற்றி இங்கே எழுந்து நின்று சொல்ல வேண்டும். பேரவை ஞாயிறு தோறும் காலை ஏழு மணிக்கு ஒரு ஹார்டுவேர் கடையின் கார் நிறுத்துமிடத்தில் கூடும். முதல் நிகழ்ச்சி 'காற்றிறக்கல்'. மணலிலும் பாறையிலும் பிடிப்பு வேண்டும் என்பதற்காக டயர்களின் காற்றைப் பாதியாகக் குறைப்பது. எல்லாரும் மண்டியிட்டு, அளவுமானியை வைத்து, உஸ்ஸென்ற சத்தத்தில் கண்மூடி இருப்பார்கள். பிறகு காபி. பிறகு மறுபடி காற்றை நிரப்பிக்கொண்டு, பதினைந்து நிமிடத் தூரத்தில் இருக்கும் உணவகத்துக்கு அப்பமும் பன்றிக்கறியும் சாப்பிடப் போவார்கள். எதிரே ஜாவலீனா வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்க வேண்டும். இரண்டாம் தலைமுறைக்காரர் முதலில் தூக்க வேண்டும். மூன்றாம் தலைமுறைக்காரர் பதிலுக்குத் தூக்கினால் அது பெருந்தன்மை.

பேரவைத் தலைவர் பிரென்ட் ஆஸ்குட், வீட்டுமனை விற்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மெர்வினின் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"கோடு பிரமாதம்யா," என்றார். "நெஜக் கோடு. ஆனா வண்டி ரெண்டாம் தலைமுறை."

"நல்லாத்தான் ஓடுது, பிரென்ட்."

"ஓடுறதையா சொல்றேன்? ஓடுறது எல்லா வண்டியும் ஓடும். கண்ணாடியில உன்னைப் பாக்கும்போது என்ன தோணுது, அதைச் சொல்லு."

மெர்வின் யோசித்தார். கண்ணாடியில் தன்னைப் பார்க்கும்போது ஷேவ் செய்ய வேண்டும் என்றுதான் அவருக்குத் தோன்றும். அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர் இயல்பாகவே பேச்சுக்குறைவான மனிதர். எதிராளி சொன்னதற்கு உடனே பதில் வராது. இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போது வரும். அதற்குள் எதிராளி சொன்னது அவருடைய சொந்த எண்ணமாகவே ஆகிவிட்டிருக்கும்.

அடுத்த வியாழக்கிழமை விற்பனையகத்தில் டானர் என்ற இளைஞர் புதிய வண்டியைத் திறந்து காட்டினார்.

"பழசுல எட்டு டிரைவ் மோடு சார். மணல், சேறு, பனி, பாறைன்னு. இதுல பதினொண்ணு."

"மிச்சம் மூணு?"

"ஆழ்மணல். அதிஆழ்மணல். அப்புறம் தியானம்."

"தியானமா?"

"வண்டி நிக்கும்போது ஸ்கிரீன்ல கேம்ப் ஃபயர் எரியும் சார். விறகு வெடிக்கிற சத்தம்கூட வரும். நீங்க காட்டுக்கே போக வேணாம்."

மெர்வின் பின்தொட்டியை எட்டிப் பார்த்தார். பாதி இடத்தில் ஸ்டெப்னி ஒரு இரும்புத் தாங்கியில் நிமிர்ந்து நின்றது.

"இதைக் கழட்டலாமா?"

"கூடாது சார். வண்டியோட முகமே அதுதான்."

"எவ்வளவு கனம் ஏத்தலாம்?"

"முன்னாடி ஆயிரத்து நானூறு பவுண்டு. இதுல எழுநூத்தம்பது."

"குறைஞ்சிருக்கே?"

டானர் புண்பட்டார். "குறையல சார். மென்மையாயிருக்கு. ஸ்பிரிங்கெல்லாம் பாறைக்காக டியூன் பண்ணது. சுமை ஏத்துறதுக்கு வேற வண்டிங்க இருக்கு சார். அதெல்லாம் வேலைக்காரங்க வாங்குவாங்க."

'வேலைக்காரங்க' என்ற சொல்லைக் கேட்டதும் மெர்வின் பின்தொட்டியை விட்டு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

உத்தரவாதப் புத்தகத்தை அவர் தொழில் பழக்கத்தால் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார். காப்பீட்டுத் துறைக்காரர்கள் அப்படித்தான் படிப்பார்கள். 'சாலையல்லாத பரப்பில் ஓட்டியதால் ஏற்படும் பழுதுகளுக்கு இந்த உத்தரவாதம் செல்லாது' என்று அதில் இருந்தது. சாலையல்லாத பரப்புக்கென்றே செய்த வண்டிக்கு இப்படி ஒரு வரியா என்று யாருக்காவது தோன்றலாம். மெர்வினுக்கு அந்த வாக்கியத்தின் அமைப்பு பிடித்திருந்தது. அவரே எழுதியிருக்கக்கூடிய வாக்கியம் அது.

பழைய வண்டியை மாற்றிக்கொடுத்தால் 'விசுவாச வாடிக்கையாளர்' என்ற வெள்ளிப் பட்டயம் உண்டு என்றார் டானர். புதிய வண்டியின் பின்கதவில் பதித்துத் தருவார்கள். ஒன்பது வருடம் உழைத்த வண்டியைக் கைவிடுபவருக்கு விசுவாசப் பட்டயம் தருகிற பண்பாடு வேறு எங்கே இருக்கிறது?

அன்று மாலை வெர்லின் போன் செய்தார்.

"டேய், உன் வீட்டுக்காரி சொன்னா. வண்டி மாத்துறியாமே."

"ஆமாண்ணே."

"பழசை எனக்குக் கொடேன். கடைக்காரன் என்ன குடுப்பானோ அதை நான் மாசாமாசம் குடுத்துடுறேன். நீயும் வாராவாரம் இம்புட்டுத் தூரம் அலைய வேணாம்."

இந்தச் சகோதரர்கள் போனில் பேசிய நேரத்தைவிடப் பேசாமல் இருந்த நேரம் எப்போதும் அதிகம். பின்னணியில் ஒரு கழுதை மட்டும் கருத்துச் சொன்னது.

"அண்ணே, உன் வேண்டுகோளை நல்லா யோசிச்சுப் பாத்தேன்," என்றார் மெர்வின் கடைசியில். "ஆனா இப்ப இருக்கிற திட்டத்தோட விதிமுறைப்படி, மாத்திக்குடுத்தாத்தான் அந்த... அந்தப் பட்டயம்..."

"எனக்குப் பல்லு வலிக்கலடா. தண்ணி வேணும்."

"தண்ணி நான் கொண்டு வருவேன்ணே. அதுல மாத்தமே இல்ல."

"சரி," என்றார் வெர்லின்.

புதிய ஜாவலீனா வந்தது. முந்தையதைவிட மூன்றங்குலம் உயரம். முன்முகத்தில் ஒரு சிறுவர் பள்ளியின் வாசல் அளவுக்குச் சல்லடை. நிறத்தின் பெயர் 'தனிமை', பார்ப்பதற்குச் சாம்பல்.

முதல் சனிக்கிழமை மெர்வினால் விக்கன்பர்க் போக முடியவில்லை. வண்டிக்குக் கீறல் தடுப்பு ஒட்டியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பிளாஸ்டிக் தோல். அது இறுகும்வரை பத்து நாள் தூசி படக் கூடாது.

"பாலைவனத்துல இருந்துக்கிட்டுத் தூசி படக் கூடாதா?" என்றாள் அவர் மனைவி டார்லா. அவள் ஒரு கால்நடை மருத்துவமனையில் வரவேற்பாளர். நாய்களோடும் நாய் வளர்ப்பவர்களோடும் பழகியதில், எதைக் கண்டும் வியப்பதை நிறுத்தியிருந்தாள்.

"பத்தே நாள்தான்."

"உங்கண்ணனுக்கு டாங்கியில எவ்வளவு இருக்கு?"

"கேக்கணும்."

அவர் கேட்கவில்லை. டார்லா கேட்டாள். ஒரு வாரத்துக்கு வரும் என்று பதில் வந்தது.

இரண்டாவது சனிக்கிழமை வேறொரு புனிதக் கடமை வந்தது. வண்டி மொழுமொழுவென்று இருப்பதைக் கண்ட ஆஸ்குட், பேரவையின் கண்ணியம் கருதி, மெர்வினை ஒரு கடைக்கு அனுப்பினார். அங்கே பாலைவனக் கோடுகளை ஸ்டிக்கராக அச்சடித்து ஒட்டித் தருகிறார்கள். மெஸ்கீட் கீறல், பாலோவெர்டே மரக் கீறல், கற்றாழை உரசல் என்று வகைக்கு ஒரு அட்டை. மெர்வின் இரு கதவுகளுக்கும் மெஸ்கீட் எடுத்துக்கொண்டார். கீறல் விழாத தோலின் மேல் விழுந்த கீறல் போன்ற படம். அதற்கு ஒரு சுற்று கையால் தெளித்த செயற்கைச் சேறு இலவசம்.

வண்டியை டார்லா வெகுநேரம் பார்த்தாள்.

"இதே கோடு பழைய வண்டியில ஓசியா கிடந்துச்சே."

"அது ஒழுங்கில்லாம இருந்துச்சு, டார்லா. இதுல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு பாரு."

அன்று மதியமே டார்லா நான்கு கேன் தண்ணீரைத் தன் சின்னக் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். மண்பாதையின் முதல் பள்ளத்திலேயே கார் வயிறு தட்டி, எண்ணெய் முழுவதையும் மணலுக்குக் கொடுத்துவிட்டு நின்றது. வெர்லின் நடந்து வந்து கேன்களை வாங்கிக்கொண்டார். டார்லா இழுவை வண்டியில் வீடு திரும்பினாள். திரும்பியவள் கணவரோடு பேசவில்லை. மெர்வினுக்கு அது உடனே தெரியவும் இல்லை. அந்த வீட்டில் மௌனம் புதிதல்ல.

அதற்கடுத்த செவ்வாய், வெப்பம் நூற்றுப் பதினான்கு டிகிரி. டாங்கியில் இரண்டு விரற்கடை இருப்பதாக வெர்லின் சொன்னார். புதன்கிழமை அவர் போனை எடுக்கவில்லை. வியாழனும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை டார்லா சமையலறையில் நின்றபடி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"அவரு செத்துக் கெடந்தா, உன் ஸ்டிக்கருக்கு என்ன சொல்லுவ?"

மெர்வின் எழுந்தார். சாவியை எடுத்தார். வாசலுக்கு வந்தார். 'தனிமை' நிறத்தில் வண்டி வெயிலில் மின்னியது. தனியாக இவ்வளவு பெரிய காரியத்தில் இறங்குவது முறையல்ல என்று தோன்றியது. ஆஸ்குட்டுக்கு போன் செய்தார்.

பேரவை எழுச்சி கொண்டது. அன்றிரவே இணையவழி அவசரக் கூட்டம். பதினோரு மணிக்குத் தீர்மானம் நிறைவேறியது: 'வெர்லின் ஹக்கபி மீட்புக்கான மனிதாபிமானத் தடப் பயணம்'. பதாகைக் குழு, பனியன் குழு, டிரோன் படப்பிடிப்புக் குழு ஆகியவை அமைக்கப்பட்டன. தண்ணீர்க் குழு ஒன்றும் வேண்டுமே என்று டார்லா பின்னாலிருந்து கத்தினாள். அதுவும் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

சனிக்கிழமை காலை ஒன்பது ஜாவலீனாக்கள், டார்லாவைச் சேர்த்துப் பதினைந்து பேர், தார் முடியும் இடத்தில் வந்து நின்றார்கள். ஒவ்வொரு வண்டியின் பக்கவாட்டிலும் கம்பீரமான இரும்பு நீர்க்கேன்கள் பூட்டியிருந்தன. அவை வண்டியின் தோற்றத்துக்கு, உள்ளே காற்று. உண்மையான தண்ணீர் மெர்வினின் வண்டியில் இருந்தது. ஸ்டெப்னியின் காலடியில் எட்டு அட்டைப்பெட்டிப் பாட்டில்கள். அதற்கு மேல் இடமில்லை.

மெர்வின் முன்னால் போக, வரிசையாக மண்பாதையில் இறங்கினார்கள். ஐம்பதடி போனதும் ஆஸ்குட் கையைத் தூக்கினார்.

"காற்றிறக்கல்!"

"நாலு மைல்தான் பிரென்ட்," என்றார் மெர்வின். "பழைய வண்டியில நான் காத்தே எறக்கினதில்ல."

"அதான் அது பழைய வண்டி."

முப்பத்தாறு டயர்கள். உஸ்ஸென்ற சத்தம் பாலைவனத்தில் நாற்பது நிமிடம் கேட்டது. டிரோன் பறந்து படம் எடுத்தது. வெயிலில் மண்டியிட்ட களைப்புக்கு ஆளுக்கொரு பாட்டில் எடுத்துக் குடித்தார்கள். ஒன்றுதானே.

பிறகு ஆஸ்குட் முன்னால் நடந்து போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு, முகம் இறுகத் திரும்பினார்.

"கிளைங்க இருக்கு," என்றார்.

ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

"ரெண்டு பக்கமும். நெஜக் கிளை."

"ஒரு ஆளு அங்க தண்ணி இல்லாம இருக்காரு!" என்றாள் டார்லா.

"அதுக்குத்தானம்மா எல்லாரும் வந்திருக்கோம். உணர்ச்சிவசப்படாதீங்க. முதல்ல கிளையோட தன்மையை ஆராயணும்."

ஆராய்ந்தார்கள். முள்ளின் நீளம் அளக்கப்பட்டது. கத்தரி கொண்டுவரவில்லை என்று ஒருவர் வருத்தம் தெரிவித்தார். அந்த வருத்தம் பதிவு செய்யப்பட்டது. குடிக்கவும் முகம் கழுவவுமாகப் பாட்டில்கள் இறங்கிக்கொண்டிருந்தன. வண்டிக்குள் போய் உட்காரலாம் என்றால், மூன்றாம் தலைமுறைக்கு ஒரு கரிசனம் உண்டு: நின்றபடி இருபது நிமிடம் ஓடினால், பூமியின் நலன் கருதி எஞ்சின் தானாக அணைந்துவிடும். அணைந்த வண்டிக்குள் ரொட்டி சுடலாம்.

"நீ போ மெர்வின்," என்றாள் டார்லா தாழ்ந்த குரலில். "உங்கண்ணன். நீ மட்டும் போ. நான் கூட வர்றேன்."

மெர்வின் ஏறி உட்கார்ந்தார், பக்கத்தில் டார்லா. வண்டி உறுமியது. பத்தடி போயிருப்பார். வலது பக்கம் ஒரு கிளை கதவில் பட்டது. கிரீச் என்ற மெல்லிய சத்தம். ஒன்பது வருடம் சனிக்கிழமை தோறும் அந்தச் சத்தத்தை அவர் கேட்டிருக்கிறார். கேட்டபடி வானொலியைக் கூட்டி வைத்திருக்கிறார். இப்போது அது நேராகப் பற்களுக்குள் இறங்கியது. திரையில் சிவப்பு எழுத்து மின்னியது. 'பரப்பில் தொடுகை. தொடரவா?' கீழே இரண்டு கட்டங்கள். ஆம். இல்லை.

அவர் திரையைப் பார்த்தார். அங்கே டிரெய்லரின் நிழலில் அண்ணன் எந்தப் பக்கம் தலை வைத்துக் கிடப்பார் என்று நினைத்துப் பார்த்தார். எப்போதும் வலது பக்கம் ஒருக்களித்துத்தான் படுப்பார். சின்ன வயதில் இருவருக்கும் ஒரே கட்டில். அந்த நினைப்பு வந்த பிறகும் அவருடைய விரல் 'ஆம்' பக்கம் போகவில்லை. எந்தப் பக்கமும் போகவில்லை. அரை நிமிடம் பதில் வராததால், திரை அவருடைய நலன் கருதித் தானே 'இல்லை'யைத் தேர்ந்துகொண்டது.

டார்லா கதவைத் திறந்து இறங்கினாள். பின்பக்கம் போய்ப் பார்த்தாள். எட்டுப் பெட்டியில் நான்கு பாட்டில்கள் மிச்சம் இருந்தன. நான்கையும் எடுத்துத் தோள்பையில் போட்டுக்கொண்டு, தொப்பியை இழுத்துவிட்டு, கிளைகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மெர்வின் வண்டியைப் பின்னால் எடுத்தார். பின்பக்கக் கேமரா மிகத் தெளிவாக இருந்தது.

"முன்னோடிக் குழு புறப்பட்டாச்சு," என்று ஆஸ்குட் குறித்துக்கொண்டார்.

பதினோரு மணிக்கு ஆஸ்குட்டுக்குத் தலை சுற்றியது. தன் வண்டியின் நிழலில் உட்கார்ந்தார். பிறகு படுத்தார். "தண்ணி," என்றார். தண்ணீர்க் குழுவின் பொறுப்பாளர் யார் என்று தேடியதில், அது ஆஸ்குட்தான் என்று தெரியவந்தது.

அப்போது நெடுஞ்சாலைப் பக்கமிருந்து இரண்டு கழுதைகள் வந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் இரு பக்கமும் ஐந்து கேலன் கேன்கள் தொங்கின. பின்னால் ஒரு கம்போடு வெர்லின் நடந்து வந்தார். கன்னத்தில் நாலு நாள் தாடி, கழுத்தில் ஈரத்துண்டு. உயிரோடு இருந்தார்.

"என்னப்பா ஊர்வலம்?" என்றார். "கொஞ்சம் ஓரமா நகருங்க."

"நகர முடியாது சார்," என்றார் ஒரு உறுப்பினர். "ஓரத்துல கிளை இருக்கு."

மெர்வின் முன்னால் ஓடினார். "அண்ணே! போன் எடுக்கலியே!"

"எப்படி எடுக்க? விடியறதுக்கு முன்னாடி போனா உச்சிக்கு வர்றேன். மறுபடி சாயங்காலம். ஒரு நடைக்கு இருபது கேலன். போன் வீட்டுல கெடக்கு." அவர் தம்பியின் வண்டியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

பேரவை உறுப்பினர்கள் கழுதைகளைச் சுற்றி நின்றார்கள். அவர்களுக்கு ஆர்வம் அடங்கவில்லை.

"இது எவ்வளவு ஏத்தும் சார்?"

"நூறு பவுண்டு. மனசு வச்சா நூத்தம்பது."

"இந்த முள்ளுல கீறல் விழாதா?"

"விழும். ஆறிடும்."

"எந்த வருஷ மாடல்?"

"பதினோரு வயசு. இதுக்கு முந்தின மாடல் இதோட அம்மா."

நிழலில் கிடந்த ஆஸ்குட் முனகினார். வெர்லின் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களின் வெடித்த உதடுகளைப் பார்த்தார். ஒரு கழுதையின் முதுகிலிருந்து இரண்டு கேன்களையும் இறக்கி மூடியைத் திறந்தார்.

"மெதுவாக் குடிங்க. ஒரேயடியாக் குடிச்சா வாந்தி வரும்."

அவர்கள் மெதுவாகக் குடிக்கவில்லை. தலையில் ஊற்றிக்கொண்டார்கள். ஒருவர் டிரோனின் கண்ணாடியைக் கழுவினார். பத்து கேலன் கால் மணியில் தீர்ந்தது.

"டார்லா வரலியா?" என்று கேட்டார் வெர்லின்.

மெர்வின் பாதையைக் கையால் காட்டினார்.

"நடந்தா? இந்த வெயில்லயா? எப்ப?"

"ஒரு மணி நேரம் இருக்கும்ணே."

வெர்லின் தம்பியை நேராகப் பார்த்தார். நீண்ட நேரம். இருவருக்கும் நடுவே இருந்த எல்லா மௌனங்களிலும் இது ஒன்றுதான் மெர்வினுக்குப் புரிந்தது. பிறகு அவர் கம்பால் கழுதைகளைத் தட்டினார். அவை ஒன்பது வண்டிகளையும் சுற்றி, முட்களுக்குள் புகுந்து, மறுபக்கம் ஏறி, அவள் போன திசையில் ஓட்டமும் நடையுமாகப் போயின. வெர்லினும் கூடவே ஓடினார். அறுபத்திரண்டு வயதில் ஓடக்கூடிய ஓட்டம்.

மாலை ஆறு மணிக்கு டார்லாவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. இரண்டாவது மைலில், நிழலே இல்லாத இடத்தில் வெர்லின் தன்னைக் கண்டுபிடித்ததாக இருந்தது. இரண்டு நாள் அங்கேயே இருக்கப் போவதாகவும், தண்ணீர் எடுக்க இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது என்றும் இருந்தது. தன்னை அழைத்துப்போக வரச் சொல்லி அதில் இல்லை.

ஏழு மணிக்குப் பேரவையின் அதிகாரபூர்வ அறிக்கை எல்லாருடைய போனுக்கும் வந்தது. உடல் தேறிய ஆஸ்குட் தன் கைப்பட எழுதியிருந்தார்:

'மனிதாபிமானத் தடப் பயணம் முழு வெற்றி. பத்து கேலன் குடிநீர், உயிருக்குப் போராடியவர்களுக்கு உரிய நேரத்தில் வழங்கப்பட்டது. வெர்லின் ஹக்கபி நலமாக இருப்பது நேரில் உறுதி செய்யப்பட்டது. வண்டிகளுக்குச் சேதமில்லை. மீட்கச் சென்ற உறுப்பினர்கள் பதினான்கு பேர். மீட்கப்பட்டவர்களும் பதினான்கு பேர்.'

மெர்வின் அதை இரண்டு முறை படித்தார். எங்காவது ஒரு பொய் இருந்தால் மறுக்கலாம் என்று, கடைசி வரியிலிருந்து மேல் நோக்கி மூன்றாம் முறையும் படித்தார். எல்லாமே உண்மையாக இருந்தது. அடியில், 'பாதிக்கப்பட்டவரின் நெருங்கிய உறவினர்' என்ற இடத்தில், அவர் விரலுக்காக 'ஒப்புதல்' என்று ஒரு கட்டம் காத்திருந்தது.

இந்த முறை அரை நிமிடம் ஆகவில்லை.